பார்க்கும் முன்பே தள்ளுகிறவர்

வெர்லன் ட்ரூவிட் தன் வாழ்நாளில் எதையும் இரண்டு தடவை யோசித்தது கிடையாது. ஒரு தடவையாவது யோசித்தாரா என்பதிலேயே அவர் மனைவி ஆர்டித்துக்குச் சந்தேகம் உண்டு.

மாவட்டச் சந்தையில் பீச் பழப் பணியாரம் விற்ற பெண்ணிடம், முதல் துண்டைக் கடித்த கையோடு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டவர் அவர். "வாயில இருக்கறத முதல்ல முழுங்கு" என்றார் அந்தப் பெண். அவர்தான் ஆர்டித். பதில் சொல்ல அவர் பருத்தி எடுப்பு முடியும்வரை எடுத்துக்கொண்டார். அந்த இலையுதிர் காலத்தில் வெர்லன் இளைத்த இளைப்பைப் பார்த்து ஊரே பயந்தது. பிறகு ஒரு குதிரை வாங்கினார். ஒரு பக்கம் நின்று பார்த்தார், அழகாக இருந்தது, பேரம் முடிந்தது என்று கைகொடுத்துவிட்டார். வீட்டுக்கு ஓட்டி வந்தபோதுதான் அதற்கு மறுபக்கக் கண் தெரியாது என்று தெரிந்தது. அது வேலியில் மோதிக்கொண்டே பதினைந்து வருஷம் இருந்தது.

டெக்சாஸின் மேற்கு மூலையில், பருத்திக் காட்டுக்கு நடுவே இருக்கும் கோல்டர் ஊர் இதையெல்லாம் துணிச்சல் என்றது. துணிச்சலுக்கும் பொறுமையின்மைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அந்த ஆளோடு குடித்தனம் செய்திருக்க வேண்டும். ஆர்டித் செய்திருந்தார். "அவருக்குப் பயம்னா என்னன்னு தெரியாதுங்கறாங்க. பதில் தெரியாம ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிப் பாருங்க, தெரியும்" என்பார்.

நிலத்தை மருமகனிடம் விட்ட பிறகு வெர்லனுக்கு மிஞ்சியது வியாழக்கிழமை ஒன்றுதான். ஒலீட்டா பக்னரின் தீவனக் கடையின் பின்னறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து பேர் சீட்டாடுவார்கள். கடைக்காரி ஒலீட்டா ஒருவர். இறந்துபோன கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மனுஷனைவிட நன்றாக ஆடுகிறவர். முடிதிருத்தும் டாய்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்டிஸ்ட் கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். காற்றாலை பழுது பார்க்கும் லூப்பே சால்தானா, வாயை மூடத் தெரியாதவர். வென்டல் முன்னாள் மருந்துக்கடைக்காரர், காது முக்கால்வாசி போனவர். ஐந்தாவது வெர்லன்.

அந்த ஐந்து நாற்காலிக்கு ஊரில் ஏக மரியாதை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ராய்ஸ் வியாழன் தவறாமல் கடைக்கு வந்து கோழித்தீவன மூட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவரிடம் கோழி கிடையாது. எந்த நாற்காலி காலியாகும் என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது கோழிகளுக்கே தெரியும்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். பிறகு நடுவில் மூன்று சீட்டைத் திறந்து வைப்பார்கள், அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு; அதற்குச் சமமாக வைத்துக் கட்டலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்து விலகலாம், கட்டியவருக்குத்தான் கடைசியில் சீட்டைக் காட்டுவார்கள். ஒலீட்டாவின் மேசையில் தொகை சிறிதுதான், ஆனால் அந்தக் காசுக்குப் பதிலாகக் கிடைக்கும் பந்தய வில்லைகள் ஏராளம். சாயங்காலம்வரை சாவகாசமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் நோட்டம்விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஆட வேண்டும் என்பதற்காகவே எல்லார் முன்னாலும் அவ்வளவு பெரிய குவியல்.

வெர்லன் முன்னால் அந்தக் குவியலை வைத்தது, சின்னப் பிள்ளை முன்னால் முழு கேக்கை வைத்தது போலாயிற்று.

இரண்டு சீட்டு கைக்கு வரும். மூக்கருகே தூக்கிப் பார்ப்பார், சில நாள் அதுவும் இல்லை. நடுவில் ஒரு சீட்டுகூடத் திறக்கும் முன்பே "ஆல் இன்", அதாவது எல்லாம் உள்ளே, என்பார். இரண்டு முழங்கையாலும் குவியல் மொத்தத்தையும் உள்ளே தள்ளிவிடுவார். நடுவில் அப்போது கிடப்பது சீட்டு பார்க்கும் முன்பே முறைப்படி இரண்டு பேர் வைத்த முன்காசு, ஒரு பிடி வில்லை. அதற்காக மலையையே தள்ளுவார்.

"யோவ், ஒரு முட்டைக்கு டிராக்டரைப் பந்தயம் வைக்கிறியேய்யா!" என்று லூப்பே முதல் நாளே கத்தினார்.

"முட்டை எனக்கு வந்துதா இல்லையா?"

வந்தது. முதல் சில வாரம் முட்டை முட்டையாக வந்தது. எல்லாரும் அரண்டுபோய்ச் சீட்டைக் கவிழ்த்தார்கள். வெர்லனுக்குத் தான் ஒரு பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவே தோன்றியது. "முதல்லயே எல்லாத்தையும் வச்சிட்டா அப்புறம் யோசிக்க வேண்டியதே இல்ல. பயப்படறது எதிராளி வேலை" என்று ஆர்டித்திடம் விளக்கினார்.

"அப்படியா? குதிரை வாங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க" என்றார் ஆர்டித்.

பிறகு மேசை விழித்துக்கொண்டது. நல்ல ஜோடிச் சீட்டு வரும்வரை நால்வரும் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். வந்ததும், "சரி, பார்க்கலாம்" என்றார்கள். பல வாரம் பொறுக்கிய முட்டை ஒரே மதியத்தில் போயிற்று. வெர்லன் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஊர்முனையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருவார். தோற்பது அவருக்கு வலிக்கவில்லை. பதில் கிடைத்துவிட்டதே.

வலித்தது மற்றவர்களுக்கு. ஆட்டம் என்பதே போய்விட்டது. யாரும் யாரோடும் ஆடவில்லை, நான்கு பேரும் வெர்லனைப் பிடிக்கக் கண்ணி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு குறைந்தது. வென்டல் தூங்கவே தொடங்கிவிட்டார்.

கோடை தொடங்கிய ஒரு வியாழன், மற்றவர்கள் போன பிறகு ஒலீட்டா வெர்லனை நிறுத்தினார்.

"வெர்லன், இது வரம்பில்லாத மேசை. என் வீட்டுக்காரர் போட்ட மேசை. இவ்வளவுதான் வைக்கலாம்னு ஒருத்தர்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன். உன்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நன்றி, மேம்."

"இன்னும் முடிக்கல. சட்டம் போட மாட்டேன், வாக்குக் கேட்பேன். பருத்தி எடுப்பு ஆரம்பிக்கற வரைக்கும், நடுவுல மூணு சீட்டு திறக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு சொல்லு உன் வாயில இருந்து வரக்கூடாது. வந்தா நீயே எழுந்து போயிடணும். ராய்ஸ் உட்காருவான்."

"அவன்கிட்ட கோழியே இல்ல, மேம்."

"நாற்காலிக்குக் கோழி எதுக்கு?"

வெர்லன் வழக்கம்போல யோசிக்காமல் கைகொடுத்துவிட்டார். வீட்டுக்கு வண்டி ஓட்டும்போதுதான் எதற்குக் கைகொடுத்தோம் என்று உறைத்தது. வியாழக்கிழமை இல்லாத வாரத்தை நினைத்துப் பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன், அப்புறம் வெள்ளி. நடுவில் ஒரு குழி.

அந்தக் கோடையில் வெர்லன் பட்ட பாடு கொஞ்சமில்லை. சீட்டு வந்ததும் வாயை இறுக்கிக்கொள்வார், காது சிவக்கும். வில்லைகளை ஒவ்வொன்றாக, சொந்தப் பல்லைப் பிடுங்கி வைப்பது போல வைப்பார். மூன்று சீட்டு திறந்த பிறகு என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவ்வளவு தூரம் போய்ப் பழக்கமில்லை.

"வெர்லன், நடுவுல கிடக்கற சீட்டும் உனக்கு உண்டு. சேர்த்துப் பாரு" என்றார் லூப்பே.

"தெரியும்."

"தெரியுமா? அடுத்த வீட்டுச் சாப்பாடு மாதிரி எட்டி நின்னு பார்க்கறியே."

வேறு வேலை இல்லாததால் வெர்லன் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினார். இத்தனை காலமாக அவர்களோடு உட்கார்ந்தும் பார்த்ததில்லை. நல்ல சீட்டு வந்தால் டாய்ஸ் கத்தரிக்கோல் பிடிப்பது போல விரலை ஆட்டுவார். லூப்பே கெட்ட சீட்டுக்குத்தான் அதிகம் பேசுவார். ஒலீட்டாவிடம் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. ஜூலையில் ஒருநாள் அதுவும் பிடிபட்டது. ஆட நினைக்கும் சீட்டின் மேல் அவர் தன் குளிர்ந்த டீ டம்ளரைத் தூக்கி வைத்தார். கவிழ்க்கப்போகும் சீட்டுக்கு டம்ளர் இல்லை. வெர்லனுக்குத் தேகமெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷியைப் படிக்கத் தெரிந்துவிட்டது! ஆர்டித்திடம் சொன்னார்.

"என்னை எப்பப் படிக்கப்போறீங்க?" என்றார் ஆர்டித்.

அந்த இரண்டு சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். கோல்டரில் 'ஆல் இன்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வயலிலிருந்து வருகிறவர் தொப்பியைக் கழற்றிவிட்டு "ஆல் இன்" என்றால், உடம்பில் இருந்ததெல்லாம் தீர்ந்தது, அசந்துபோனார் என்று பொருள். அப்பாக்களும் தாத்தாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். வெர்லன் மட்டும் அந்தப் பொருளில் அதை ஒருநாளும் சொன்னதில்லை. களைப்பு என்பது மற்றவர்களுக்கு வருவது என்று அவர் எண்ணம்.

ஆகஸ்ட் மாதம், அனல் பறந்த ஒரு வியாழன் காலை, கோயில் பியானோவை நகர்த்த உதவ முடியுமா என்று போதகர் கேட்டார். கேள்வி முடியும் முன்பே வெர்லன் "சரி" என்றார். மாடிக்கு என்பதும், வருவதாகச் சொன்ன மற்ற இருவர் வரவில்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அவரும் போதகரும் அந்தப் பியானோவோடு மாடிப்படியில் பாதிக் காலையைக் கழித்தார்கள். அது இறங்க நினைத்தது, அவர்கள் ஏற நினைத்தார்கள்.

பின்னறைக்கு வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. ஒலீட்டா புதிதாகச் சன்னல் குளிர்பெட்டி ஒன்று மாட்டியிருந்தார், அது இரைச்சலாகக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. வெர்லன் நாற்காலியில் விழுந்தார். அவருக்கும் இரண்டு சீட்டு வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"உன் முறை, வெர்லன்" என்றார் டாய்ஸ்.

வெர்லன் தொப்பியைக் கழற்றி, கழுத்தைத் துடைத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, நான் ஆல் இன்" என்றார்.

நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது வெர்லனுக்கு எல்லாருக்கும் கடைசியாகத்தான் எட்டியது.

"என்ன சொன்னான்?" என்றார் வென்டல்.

"சொல்லிட்டான்!" என்றார் லூப்பே. "வாயால சொல்லிட்டான். சீட்டைத் தொடாமலே சொல்லிட்டான்!"

"இருப்பா. மனுஷன் களைச்சுப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆண்டவர் பார்க்கறது உள்ளத்தைத்தான்" என்றார் டாய்ஸ்.

"ஆண்டவர் இந்த மேசையில சீட்டாடல, டாய்ஸ். போன வருஷம் நீ வேடிக்கையா 'நான் கட்டறேன்'னு சொன்னே. வேடிக்கைன்னு விட்டோமா? கட்ட வச்சோம். இங்க வாயில இருந்து விழுந்தா அது வில்லை விழுந்த மாதிரி. நீயே அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் அழுதே."

"அது வேற."

"எப்படி வேற?"

"அது நான்."

"அதோட," லூப்பே விடவில்லை, "இவன் களைச்சு நீ பார்த்திருக்கியா? வெர்லன் ட்ரூவிட்டுக்குக் களைப்பா? அவனே சொல்லுவானே, அதெல்லாம் மெக்சிகோக்காரங்களுக்கும் மெதடிஸ்ட்காரங்களுக்கும்தான்னு."

வெர்லன் அதைச் சொன்னது உண்டு. பலமுறை சொன்னது உண்டு.

அவர் ஒலீட்டாவைப் பார்த்தார். ஒலீட்டாவின் முன்காசு நடுவில் கிடந்தது, பேசவேண்டிய முறை அவருக்குக் கடைசியாகத்தான் வரும். ஆனாலும் டம்ளர் ஏற்கெனவே அவர் சீட்டின் மேல் இருந்தது. அப்படியானால் அங்கே பெரிய சீட்டு இருக்கிறது. சொன்னது பந்தயம்தான் என்று ஆனால் ஒலீட்டா கட்டுவார். குவியல் போகும், நாற்காலியும் போகும். கடைப் பக்கம் கோழித்தீவன மூட்டை சரசரக்கும் சத்தம் கேட்டது.

"மேசையில விழுந்த சொல்லு மேசைக்குத்தான்," என்றார் ஒலீட்டா. "அதை நான் மாத்த மாட்டேன். ஆனா என்ன சொல்லு விழுந்ததுன்னு உனக்குத்தான் தெரியும், வெர்லன். உன்கிட்ட நான் வாங்கினது வாக்கு. இப்பவும் அதைத்தான் கேட்கறேன். நீ சொல்றதை எடுத்துக்கறேன். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க வேண்டிய விஷயமே இல்லைதான். அவர் களைத்திருந்தார், களைப்பைத்தான் சொன்னார். இருந்தாலும் வெர்லன் பேசவில்லை. 'பந்தயம்தான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் ஊர் அதையும் துணிச்சல் என்றுதான் சொல்லும். கதவுவரை நிமிர்ந்து நடக்கலாம். 'களைப்பு' என்றால் லூப்பே சாகும்வரை விடமாட்டார், டாய்ஸின் கடையில் முடி வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தலைக்கும் இந்தக் கதை போய்ச் சேரும். அதோடு நம்புவார்களா என்பதும் தெரியாது. தெரியாத ஒன்றை நோக்கி மெதுவாக நடப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

வெகுநேரம் ஆயிற்று. அந்த மேசையில் வெர்லன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

"களைப்புதான்," என்றார் வெர்லன் கடைசியில். "பியானோ. மாடிக்கு. முடியல." இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். "சீட்டைத் தூக்கக்கூட இப்பத் தெம்பில்ல. அதான் பார்க்கல."

லூப்பே எழுந்து ஐஸ் போட்ட டீயை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட சிரமம் முகத்தில் தெரிந்தது.

"என்ன சொன்னான்?" என்றார் வென்டல்.

"களைப்பா இருக்காம்!" என்று டாய்ஸ் அவர் காதில் கத்தினார்.

"அதுக்கென்ன? எனக்கும்தான். வருஷக்கணக்கா."

"களைப்பு," என்றார் ஒலீட்டா. "சரி. ஆட்டம் நடக்கட்டும். உன் முறை."

வெர்லன் டீ குடித்தார். பிறகு சீட்டின் ஓரத்தை விரலால் நிமிர்த்தினார். இரண்டு ராணிகள்.

இரண்டு ராணி கையில் வந்து அவர் சும்மா இருந்ததே கிடையாது. அதைவிடக் குறைந்ததை நம்பிக் கல்யாணமே கேட்டவர். தொண்டைவரை அந்த இரண்டு சொல்லும் வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினார். கொஞ்சம் வில்லையை எண்ணி வைத்தார். டாய்ஸ், லூப்பே, வென்டல் மூவரும் கவிழ்த்தார்கள். ஒலீட்டா டம்ளரை நகர்த்தாமல் கட்டினார்.

நடுவில் மூன்று சீட்டு திறந்தது. ராணியை வெல்லும் ஒரு ஏஸ், ஒரு ஒன்பது, ஒரு மூன்று. ஒலீட்டா அவசரமில்லாமல் ஒரு பிடி வில்லையை முன்னே நகர்த்தினார்.

இப்போது வெர்லன் அந்த இரண்டு சொல்லையும் சொல்லலாம். மூன்று சீட்டு திறந்தாயிற்று, வாக்கு தடுக்காது. லூப்பேயின் வாய் திறந்தே இருந்தது. வெர்லன் டம்ளரைப் பார்த்தார். ஒலீட்டாவைப் பார்த்தார். ஏஸைப் பார்த்தார். இரண்டு ராணியையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவற்றைத் திறந்து காட்டிவிட்டு நடுவில் எறிந்தார்.

"ராணி! ரெண்டு ராணி!" என்று டாய்ஸ் கத்தினார். "யாருய்யா நீ? எங்க வெர்லனை எங்க புதைச்சே?"

"என்ன வச்சிருந்தீங்க, மேம்?" என்று வெர்லன் கேட்டார்.

ஒலீட்டா டம்ளரை எடுத்துவிட்டு, சீட்டைக் கவிழ்த்தபடியே கட்டுக்குள் சொருகினார்.

"கட்டியிருந்தா பார்த்திருக்கலாம்."

"சும்மா சொல்லுங்க."

"கட்டியிருந்தா, வெர்லன்."

கடைப் பக்கத்திலிருந்து ராய்ஸ் எட்டிப் பார்த்து, "இங்க ஏதாவது காலியா?" என்றார்.

"கோழி வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் லூப்பே.

வீட்டில் ஆர்டித் முழுக் கதையையும் கேட்டார். பியானோ, களைப்பு, ராணிகள், எல்லாம். களைப்பு வரும் இடத்தில் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாராட்டவில்லை. "அப்ப அவகிட்ட என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"காட்டல."

"அட பாவமே," என்றார் ஆர்டித், மிகவும் சந்தோஷமாக.

வெர்லன் அந்த வாரம் முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். முன்பு தோற்றபோதெல்லாம் ஐஸ்கிரீமில் முடிந்தது. இது முடியவில்லை. தள்ளினால் பதில் கிடைக்கும், நல்லதோ கெட்டதோ சீட்டு திரும்பிவிடும். கவிழ்த்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. இத்தனை நாள் தன் குவியலைக் கொடுத்துத் தான் வாங்கிவந்தது முன்காசை அல்ல, இந்தப் பதிலைத்தான் என்பது பியானோ வலியோடு சேர்ந்து மெதுவாக அவருக்குள் இறங்கியது. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் விலை கொடுக்காமல், பதில் தெரியாமல் இருப்பதும் சுகமாக இல்லை.

ஒரே ஆறுதல் டம்ளர்தான். டம்ளர் இருந்தது, ஆகவே பெரிய சீட்டு இருந்தது.

அடுத்த வியாழன் தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். சீட்டு வந்தது, ஒலீட்டா டம்ளரை மேலே வைத்தார். சரி. ஆனால் முறை வந்தபோது டம்ளரை எடுத்துவிட்டுக் கவிழ்த்துவிட்டார். அடுத்த சீட்டுக்கும் டம்ளர், அதற்கடுத்ததற்கும். கவிழ்த்தாலும் டம்ளர், ஆடினாலும் டம்ளர்.

"என்ன மேம், இன்னிக்கு எல்லாத்துக்கும் டம்ளர் வைக்கறீங்க?" என்று வெர்லன் கேட்டேவிட்டார்.

"குளிர்பெட்டி நேரா என் பக்கம் ஊதுதே, பார்க்கல? போன வாரம் மாட்டினதுல இருந்து இதே தொல்லை. சீட்டு பறக்குது."

ராணிகளைக் கவிழ்த்த அன்றைக்கும் அந்தக் குளிர்பெட்டி ஊதிக்கொண்டுதான் இருந்தது என்பது வெர்லனுக்கு நினைவு வந்தது.

"உன் முறை, வெர்லன்" என்றார் டாய்ஸ்.

"இரு," என்றார் வெர்லன். "யோசிக்கறேன்."